‘பெர்க்லி கேரண்டி’ என்று 4,500 டாலர் கேட்டால் கொடுக்காதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு, பெர்க்லி, யூசிஎல்ஏ போன்ற வளாகங்கள் கொண்ட யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறுகிற பிள்ளைகளைக் குறிவைத்து ‘டிரான்ஸ்ஃபர் கன்சல்டிங்’ என்று கடை விரித்திருக்கிறார்கள். எங்களிடம் 4,500 டாலர் வாங்கினார்கள். அது போனதைவிட, என் மகனுக்கு ஒரு வருஷம் போனதுதான் வயிற்றெரிச்சல்.

4,500 என்றால் எவ்வளவு என்று பாருங்கள். செமஸ்டர் முறையில் நடக்கும் கம்யூனிட்டி காலேஜில், இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். யூசிக்கு மாற 60 யூனிட் வேண்டும், ஆக 2,760. இரண்டு வருஷம் பாடம் நடத்திய காலேஜ் வாங்கியதைவிட, எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல இவர்கள் வாங்கியது அதிகம். அதே வேலையைக் காலேஜ் கவுன்சிலர் காசில்லாமல் செய்து தருகிறார்.

அந்தக் கன்சல்டண்ட் எங்களுக்கு அறிமுகமானது ஒரு பொங்கல் விழா ஸ்டாலில். “பையன் எங்க படிக்கிறான்?” என்று யாராவது கேட்டால், கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு கூசும். அந்தக் கூச்சத்தில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. கூசுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. 1960ல் மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது. முதல் வருஷத்தில் சேரும் இரண்டு பேருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பது யூசி வைத்திருக்கும் இலக்கு. அந்த இடங்களிலும் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. இதையெல்லாம் அந்த ஆள் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: “பெர்க்லி, யூசிஎல்ஏ, ரெண்டுல ஒண்ணு கேரண்டி மேடம். கிடைக்கலைன்னா ஃபுல் ரீஃபண்ட்.” தமிழில் சொன்னார், அவ்வளவு அழகாகச் சொன்னார்.

கேரண்டி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்பார்கள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் அதைத் தருகின்றன. ஒரு மாணவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை பிள்ளையே ஆன்லைனில் போட வேண்டியது, கட்டணம் கிடையாது. அந்த வளாகமும் துறையும் கேட்கிற ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. சில துறைகளுக்கு டேக் கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றுக்கும் டேக்கே இல்லை. பல்கலைக்கழகமே கொடுக்காத கேரண்டியை ஸ்டாலில் நிற்கிற ஒருவர் எங்கிருந்து கொடுப்பார்?

ஒப்பந்தத்தில் அதற்கு வழி வைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், கேரண்டி என்பது ‘யூசி வளாகங்களில் ஏதேனும் ஒன்று’ என்று இருந்தது. அதாவது மாநிலம் இலவசமாகக் கொடுப்பதை எடுத்து எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா?

மகனுக்கு மெக்கானிக்கல் இஞ்சினியரிங் ஆசை. டேக்குக்கு டேவிஸ் என்று முடிவு செய்திருந்தான். ‘ரோட்மேப்’ என்று கலர் கலராக ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள், ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு கட்டம் போட்டு. அதில் பிசிக்ஸ் என்று எழுதி ஒரு பாட எண் இருந்தது. அவனும் எடுத்தான், ஏ கிரேடும் வாங்கினான். அது கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ். பயாலஜி படிக்கிறவர்களும் மருத்துவத்துறைக்குப் போகிறவர்களும் எடுப்பது.

இது வெளிப்பட்டது காலேஜ் கவுன்சிலர் அறையில். அந்தம்மா அசிஸ்ட் என்ற தளத்தைத் திறந்து, மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று சொல்லும் அதிகாரபூர்வத் தளம் அது. லாகின்கூட வேண்டாம். காலேஜ் பெயர், கல்வியாண்டு, போக வேண்டிய வளாகம், துறை, இவ்வளவும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக வரும். இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடங்கள், வலப்பக்கம் எங்கள் காலேஜில் அவற்றுக்கு ஈடானவை. பிசிக்ஸ் வரிசைக்கு நேரே இருந்த எண்களில் என் மகன் எடுத்த எண் இல்லவே இல்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தையே பையன் பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்மேப் போட்டவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும்.

கன்சல்டண்டைக் கேட்டால், “அது டிரான்ஸ்ஃபரபிள் கோர்ஸ்தான் மேடம், யூசி ஏத்துக்கும்” என்றார். ஏமாற்று வேலையே இந்த ஒரு வரியில் இருக்கிறது. யூசி அந்தப் பாடத்தின் யூனிட்டை ஏற்றுக்கொள்ளும், 60ல் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இஞ்சினியரிங் துறை கேட்கிற பிசிக்ஸ் இடத்தை அது நிரப்பாது. யூனிட் சேருவது வேறு, துறைக்குத் தேவையான பாடம் முடிவது வேறு. பிள்ளையின் பாடத்திட்டத்தை யாரிடம் காட்டினாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பதிலாகச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

சரியான பிசிக்ஸ் ஒரே செமஸ்டரில் முடிகிற பாடமும் இல்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. இலையுதிர் பருவமான ஃபாலில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வசந்தப் பருவமான ஸ்பிரிங்குக்குள் தேவையான பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவந்தபோது அக்டோபர்.

டேக்? அதுதான் அடுத்த கூத்து. யூசி கணக்கை அவர்களே திறந்தார்கள், அவர்கள் ஆபீஸ் ஈமெயிலைப் போட்டு. மகன் பாஸ்வேர்டு கேட்கும்போதெல்லாம் “டீம்ல சொல்றேன்” என்பார்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் நானே கூப்பிட்டேன்.

“டேக் போட்டாச்சா சார்?”

“போட்டாச்சுக்கா, நீங்க டென்ஷனே ஆகாதீங்க.” ஸ்டாலில் மேடமாக இருந்தவள் அதற்குள் அக்கா ஆகியிருந்தேன்.

“கன்ஃபர்மேஷன் அனுப்புங்களேன்.”

“அது சிஸ்டம்ல இருக்கும்க்கா.”

சிஸ்டத்தில் இருந்தது உண்மைதான். கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வந்து, விடாமல் நச்சரித்து பாஸ்வேர்டு வாங்கித் திறந்தால், பாதி நிரப்பிய விண்ணப்பம் அப்படியே கிடந்தது. சமர்ப்பிக்கவே இல்லை. செப்டம்பர் 30 தாண்டிவிட்டால் டேக் வாசல் மூடிவிடும், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

கணக்கு கண்டிப்பாகப் பிள்ளையின் சொந்த ஈமெயிலில் இருக்க வேண்டும். டேக் மட்டும் இல்லை, நவம்பர் 30 வாக்கில் முடிகிற முதன்மை விண்ணப்பத்துக்குப் பிறகு, ஜனவரி 31க்குள் ஃபால் மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாடங்களையும் அதில் புதுப்பிக்கச் சொல்வார்கள். அந்த மெயில் வேறு எவருடைய பெட்டிக்கோ போனால் பிள்ளைக்கு விஷயமே தெரியாது.

சில்லறைக் கொள்ளை தனி. ‘பரிந்துரைக் கடித பேக்கேஜ்’ என்று 350 டாலர் அந்த 4,500க்குள் இருந்தது. யூசி விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் இணைக்க இடமே கிடையாது.

கட்டுரை விஷயம் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் நான்கு கேள்விக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். ஒன்று கட்டாயம், மீதி மூன்று ஏழிலிருந்து அவர்களே தேர்ந்தெடுப்பது. ‘எடிட்’ செய்து திரும்பி வந்த ஒன்றில், என் மகன் அப்பாவின் ரெஸ்டாரண்டில் வெங்காயம் நறுக்கி உழைப்பின் அருமையைக் கற்றுக்கொண்டதாக இருந்தது. என் கணவர் அக்கவுண்டண்ட், அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. யாரோ ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் படித்துப் பார்க்காமல் அது போயிருந்தால் மாட்டுவது பையன்தான், அவர்கள் இல்லை. எழுதியது சொந்தமில்லை, உண்மையில்லை என்று தெரிந்தால் கொடுத்த அட்மிஷனையே யூசி ரத்து செய்யும்.

கடைசியாக ஒரு மிரட்டல். மூன்றாவது வருஷம் படித்து பிசிக்ஸை முடிக்கிறான் என்றதும், “யூனிட் அதிகமாச்சுன்னா சீனியர் ஆயிடுவான்க்கா, யூசி எடுக்காது, எங்க பிரீமியம் பிளானுக்கு மாறிடுங்க” என்றார். கவுன்சிலரைக் கேட்டோம். கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்த பிள்ளைக்கு எவ்வளவு யூனிட் சேர்ந்தாலும் யூசி 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அதனால் கதவு மூடாது என்றார். அந்த ஆண்டு அவன் விண்ணப்பமே போடவில்லை. பிசிக்ஸ் இல்லாமல் இஞ்சினியரிங் கேட்டு வளாகத்துக்கு 80 டாலர் கட்டுவதில் அர்த்தமில்லை. இப்போது இரண்டாவது பிசிக்ஸில் இருக்கிறான். கவுன்சிலரும் அவனும் உட்கார்ந்து போட்ட திட்டம் ஒரே ஒரு தாள், கலர் இல்லை.

ரீஃபண்ட் கேட்டோம். ‘எங்கள் வழிகாட்டுதலை முழுமையாகப் பின்பற்றியிருந்தால் மட்டும்’ என்று ஒரு விதியைக் காட்டினார்கள். பணத்தை ஜெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதியில் வாங்கியிருந்தார்கள், ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று ஆசை காட்டி. கிரெடிட் கார்டு என்றால் வங்கியில் முறையிட்டுத் திரும்பக் கேட்கலாம், நாமே அனுப்பிய ஜெல் பணத்துக்கு அந்த வசதி கிடையாது. தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிகிறது.

சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். மனுக் கட்டணம் தொகையைப் பொறுத்து 30லிருந்து 75 டாலர். இரண்டு தரப்பும் வக்கீல் வைத்து வாதாட முடியாது என்பதால் நாமே போய்ப் பேசலாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறோம். வழக்கு நடப்பதால்தான் பெயர் போடவில்லை.

நோட்டீஸ் போன பிறகு அவரே கூப்பிட்டார். கூகுளில் நான் எழுதிய ரிவ்யூவை எடுத்துவிட்டு, வேறெங்கும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் பாதிப் பணம் தருவாராம். முதலில் போட்ட ஒப்பந்தத்திலேயே ‘வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பற்றிக் குறைகூறி எழுதக் கூடாது’ என்று ஒரு வரி இருப்பதையும் நினைவுபடுத்தினார். அப்படி ஒரு வரியை வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் போடுவதே கலிஃபோர்னியாவில் 2014ல் வந்த சட்டப்படி செல்லாது. 2016ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பாதிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரிவ்யூ அங்கேயே இருக்கிறது.