கொழுப்பு ஸ்டெம் செல்களை உறைய வைத்தல்: நீண்டநாள் பயன்பாட்டில் கண்டவை

கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சையில் வெளியேறும் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, உறைய வைத்து, ஆய்வுக்குத் தேவைப்படும்போது மீட்டெடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற வேதிப்பொருள் 10 சதவீதம் கலந்த கரைசல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிய குளிர்விப்புப் பெட்டி, திரவ நைட்ரஜன் கலம் ஆகிய மூன்றையும் நம்பித்தான் எங்கள் சேமிப்பு நடக்கிறது. இந்த முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அது பலித்ததா இல்லையா என்பதை உருக்கிய அன்றே தீர்மானிக்கக் கூடாது.

உருக்கியவுடன் டிரிப்பான் புளூ சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலான செல்கள் சாயத்தை உள்ளே விடாமல் பளிச்சென்று தெரியும். செத்தவை மட்டும் நீலமாக இருக்கும். அந்த விகிதத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம். அதே செல்களை வளர்ப்புக் குடுவையான பிளாஸ்கில் இட்டு மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு பகுதி அடியில் ஒட்டாமல் உருண்டையாக மிதந்துகொண்டிருக்கும். உறைதலில் காயம்பட்ட செல் உடனே சாவதில்லை. அடுத்த பல மணி நேரத்தில்தான் மடிகிறது. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர்வதை இவ்வகைச் செல்களின் முதல் அடையாளமாக 2006-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்தது. நானும் ஒட்டி, நூற்கும் கதிர்போல் நீண்டு நிற்பவற்றை மட்டுமே உயிருள்ளவையாகக் கணக்கில் கொள்கிறேன்.

அப்படிக் கணக்கிடத் தொடங்கிய பிறகுதான் இழப்பு எங்கே நேர்கிறது என்பது எனக்குப் புரிந்தது. பாதி விஷயம் உறைய வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அறுவை அரங்கிலிருந்து வரும் சிரிஞ்சைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்தால், மேலே எண்ணெய், நடுவே மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தம் கலந்த நீர் என்று பிரிந்து நிற்கும். எண்ணெய்ப் படலம் தடித்திருந்தால், வழியிலேயே கொழுப்புச் செல்கள் ஏராளமாக உடைந்திருக்கின்றன என்று பொருள். 4 டிகிரியில் வைத்து, முடிந்தால் அன்றே, தவறினால் 24 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும்.

குளிர்விப்புப் பெட்டி எளிமையான சாதனம். மைனஸ் 80 டிகிரி பிரீசரில் வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிர்விக்கும். அந்த நிதானத்தில்தான் செல்லுக்குள் இருக்கும் நீர், பனிக்கட்டியாகும் முன்பே வெளியேறுகிறது. விரைந்தால் உள்ளேயே பனிப்படிகம் உருவாகிச் சவ்வைக் கிழிக்கும். ஐந்து முறை பயன்படுத்தியதும் ஆல்கஹாலை மாற்றச் சொல்கிறார்கள்; அது ஈரத்தை இழுத்துக்கொள்வதால் குளிரும் வேகம் மாறிவிடும். பெட்டியின் மூடியில் ஒவ்வொரு முறையும் கோடு போட்டு வைப்பது எங்கள் வழக்கம். டி.எம்.எஸ்.ஓ. செல்லைக் காக்கும் என்று லவ்லாக், பிஷப் என்ற ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினார்கள். அதே பொருள் அறை வெப்பத்தில் செல்லுக்கு நஞ்சு. கரைசலைக் குளிரவைத்துச் சேர்த்து, கைவேலையைச் சட்டென்று முடிப்பது நல்லது.

மைனஸ் 80 டிகிரியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த வெப்பநிலையில் பனிப்படிகங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகின்றன. மறுநாளே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனுக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு. இந்த முறையில் எனக்குள்ள பெரிய குறையும் அங்கேதான். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அதைத் தரும் நிறுவனத்தின் வண்டி பண்டிகை வாரத்தில் வராமல் போனதுண்டு. மரக்குச்சியைக் கலத்துக்குள் விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் தொட்ட உயரம்வரை வெண்பனி படியும். அந்த வெள்ளைக் கோடு இறங்குவதை விடுமுறை நாளில் நின்று பார்ப்பவருக்குத்தான் அந்தப் பதற்றம் தெரியும்.

செல்களைப் பிரிக்காமல் கொழுப்பை அப்படியே உறைய வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். இரவில் வந்த மாதிரியை, திசுவைக் கரைத்துச் செல்களை விடுவிக்கும் கொலாஜினேஸ் நொதியில் செரிக்க ஆளில்லாதபோது அது கைகொடுக்கும். ஆனால் ஒரே பெரிய எண்ணெய்த் துளியைச் சுமந்திருக்கும் முதிர்ந்த கொழுப்புச் செல்கள் உருக்கும்போது உடைகின்றன. எண்ணெய் கசிந்து அடுத்த வேலையைக் கெடுக்கிறது. கிடைக்கும் ஸ்டெம் செல்களும் குறைவு. வழியிருக்கும்போது பிரித்துவிட்டு உறைய வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தங்கள் கொழுப்பை ஸ்டெம் செல் வங்கியில் போட்டுவைக்கலாமா என்று கேட்கும் உறவினர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்கள், வணிகரீதியான சேமிப்புக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை மட்டுமே அனுமதித்தன.

உறைகரைசலில் மிச்சமுள்ள பங்கு கன்றுக்குட்டிச் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். ஆய்வகத்துக்கு அது போதும். நோயாளிக்குச் செலுத்தும் எண்ணமிருந்தால் சரிப்படாது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து, டி.எம்.எஸ்.ஓ.-வைப் பாதியாகக் குறைத்து, சீரத்துக்குப் பதில் மனித ரத்தப் புரதமான ஆல்புமின் இட்டுப் பார்த்து வருகிறோம். மறுநாள் ஒட்டும் செல்கள் இதுவரை குறையவில்லை. புதிய மாதிரிகளை இப்போது இந்தக் கரைசலில்தான் வைக்கிறேன்.