மானாவாரி மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) எந்தத் தேர்வு முறை?

சோயா மொச்சையில் புது ரகம் எடுக்க மூன்று வழிகளைச் சொல்வார்கள்: வம்சாவளித் தேர்வு, பல்க் முறை, ஒற்றை விதை முறை. மல்லாட்டையும் சோயாவைப் போலத் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அதே கணக்கு இதற்கும் பொருந்தும். இரண்டு ரகங்களை இனக்கலப்பு செய்தபின், ஒரு செடிக்குள் தாய் வழியும் தந்தை வழியும் வேறுபட்டு நிற்கிற கலப்பு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், ஐந்தாம் தலைமுறையில் 6.25. ஆனால் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துச் செம்மண் மானாவாரிக்கு ரகம் தேடுகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல.

வம்சாவளித் தேர்வில் இரண்டாம் தலைமுறையிலேயே நல்ல செடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையில் விதைத்து, எது எதன் பிள்ளை என்று நோட்டில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கொத்தா கொடியா, பருப்பு என்ன நிறம், துரு நோயைத் தாங்குகிறதா என்று பார்க்க இது அருமையான முறை. மகசூலுக்கு நான் இதை நம்பமாட்டேன். ஒரு செடி நிறையக் காய்த்திருந்தால் அது அதன் பரம்பரையா, பக்கத்துக் குழி முளைக்காததால் கிடைத்த இடமா, பள்ளத்தில் தேங்கிய மழையா? ஒற்றைச் செடியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. போதாக்குறைக்குக் காய் மண்ணுக்குள் இருக்கிறது. பிடுங்குகிற அன்று, ஆட்கள் காத்து நிற்க, செடி செடியாக உதறிப் பார்க்க வேண்டும். மானாவாரிக்கான தேர்வை ஆடிப்பட்டத்தில்தான் செய்ய முடியும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான் நகரும்.

பல்க் முறையில் செலவு குறைவு. எல்லா விதையையும் கலந்து விதைத்து, கலந்தே அறுத்து, சில தலைமுறை கழித்துப் பொறுக்கலாம். 1908 வாக்கில் ஸ்வீடனின் ஸ்வாலோஃபில் நில்சன்-ஏலே என்ற பயிர் விஞ்ஞானி கோதுமையில் இப்படிச் செய்தார்; தாங்காத செடிகளைக் குளிரே கொன்றுவிட்டது. நம்மூர் வறட்சி மல்லாட்டையை அப்படிக் கொல்வது அபூர்வம், காயைப் பொக்காக்கிவிட்டுப் போய்விடும். அதனால் இயற்கை நமக்காகப் பொறுக்கித் தரும் என்பது பாதி உண்மைதான். கொடி ரகத்தின் ரத்தம் கலந்திருந்தால் படர்கிற செடிகள் கொத்துச் செடிகளை அமுக்கிவிடும். சின்னப் பருப்பு நிறையக் காய்ப்பதே விதை மூட்டையை நிரப்பும். நமக்கு வேண்டியது அதுவா?

ஒற்றை விதை முறையை சோயாவுக்கு ஏற்ப மாற்றி 1966இல் பிரிம் என்ற பயிர் விஞ்ஞானி எழுதினார். செடிக்கு ஒரு விதை எடுத்து அடுத்த தலைமுறைக்கு நகர்த்துவதுதான் சங்கதி. நடைமுறையில் ஒரு காயாக எடுப்பது நல்லது. இரண்டு பருப்பையும் ஒரே குழியில் போட்டு, முளைத்தபின் ஒன்றை வைத்துக்கொண்டால் அந்தச் செடியின் வம்சம் அறுந்துபோகாது. மகசூல் பார்த்துக் கழிக்காததால் பட்டம் பற்றிய கவலை இல்லை. ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்கி, மார்கழியில் கிணற்றுப் பாசனத்தில் மறுபடி விதைக்கலாம். இரண்டாம் தலைமுறை இந்த ஆடியில் என்றால் அடுத்த வருஷம் மார்கழியில் ஐந்தாம் தலைமுறை வயலில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: கொடி ரகத்துக்கு விதை உறக்கம் உண்டு. அது பெற்றோராக இருந்தால் அடுத்த விதைப்பில் பல குழி முளைக்காது, நாம் பார்க்காமலேயே ஒரு கழிவு நடந்துவிடும். தவிர, சோப்ளாங்கிச் செடிகளும் கடைசிவரை கூடவே வரும்.

அதனால் நான் வம்சாவளித் தேர்வையும் ஒற்றை விதை முறையையும் கலப்பேன். இரண்டாம் தலைமுறையில் துரு பிடித்ததையும் படர்வதையும் மட்டும் கழித்துவிட்டு, ஐந்தாம் தலைமுறை வரை செடிக்கு ஒரு காய். அப்புறம்தான் தனி வரிசை, நோட்டு, ஆடிப்பட்ட மானாவாரியில் பல இடங்களில் மகசூல் சோதனை. நோய் எதிர்ப்பு ஒன்றுதான் வேண்டும் என்றால் வம்சாவளித் தேர்வே போதும்.