லேபர் ரூம்ல ரத்தம் அளக்குற டிரேப்: ஒரு ஸ்டாஃப் நர்ஸோட ரிவ்யூ

பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு எவ்ளோ ரத்தம் போச்சுன்னு அளக்க ஒரு பிளாஸ்டிக் டிரேப் வருது, கேலிபரேட்டட் டிரேப்னு சர்ஜிக்கல் கடையில கேட்டா குடுப்பாங்க, சில கடையில பிபிஎச் டிரேப்னு சொன்னாதான் புரியும் (பிபிஎச்னா பிரசவத்துக்கு அப்புறம் வர்ற அதிக ரத்தப்போக்கு). எங்க ஹாஸ்பிட்டல்ல இப்போ எல்லா நார்மல் டெலிவரிக்கும் இதைத்தான் போடுறோம். வேற ஊர்ல வேலை பாக்குற சிஸ்டர்ஸ் "வாங்கலாமா, மேனேஜ்மென்ட் கிட்ட என்ன சொல்லி கேக்குறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். வீட்ல கர்ப்பமா யாராவது இருக்காங்கன்னா நீங்களும் படிங்க, உங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். மெல்லிசான ஷீட்டை அம்மாவோட இடுப்புக்கு அடியில விரிச்சு ரெண்டு பக்க நாடாவையும் வயித்து மேல கட்டணும், கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி குறுகி ஒரு பையா லேபர் டேபிள் விளிம்புல தொங்கும், அந்தப் பை மேல அளவு போட்டிருக்கும். நாங்க வாங்குறதுல 300 எம்எல்ல மஞ்சக் கோடு, 500ல சிவப்புக் கோடு. அவ்ளோதான், பேட்டரி கிடையாது மெஷின் கிடையாது, ட்ரெயினிங்கும் ஒரு மதியத்துல முடிஞ்சிடும்.

இது எதுக்கு, பாத்தாலே தெரியாதான்னு கேப்பாங்க. தெரியாது. எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் தெரியாது. கொஞ்சம் பேட்ல போகும், கொஞ்சம் ரத்தம் துடைக்கிற மாப் துணியில, கொஞ்சம் பக்கெட்ல, மிச்சம் இடுப்புக்கு அடியில துணியில ஊறிக் கிடக்கும், கேஸ் ஷீட்ல எல்லாருமே 250, 300னு ஒரே மாதிரி எழுதிட்டுப் போயிடுவாங்க. கர்நாடகாவுல பெல்காம் மெடிக்கல் காலேஜ் ஆளுங்க அமெரிக்க டாக்டர்ஸோட சேர்ந்து இந்த மாதிரி டிரேப் ஒண்ணு செஞ்சு அதை கண் மதிப்போட ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2006ல வந்துச்சு அந்த ஸ்டடி, கண்ணால சொன்ன அளவு டிரேப்ல வந்ததை விட மூணுல ஒரு பங்கு கம்மி. ரத்தம் ஜாஸ்தியாக ஆக கண்ணு இன்னும் அதிகமா ஏமாத்தும், அதாவது எப்போ சரியா தெரியணுமோ அப்போதான் ரொம்பத் தப்பா தெரியும்.

இதுல இன்னொரு ஆபத்து. கர்ப்பத்துல உடம்புல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆயிடும், அதனால டெலிவரிக்கு அப்புறம் நிறைய போனாலும் பிபி ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கும், அம்மா நல்லா பேசிக்கிட்டு இருப்பாங்க, பிபி 110க்கு 70ன்னு காட்டும், நாமளும் நிம்மதியா பாப்பாவைப் பாக்கப் போயிடுவோம். பிபி இறங்கும்போது ஏற்கனவே ரொம்ப லேட். உலக அளவுல வருஷத்துக்கு சுமார் 1 கோடியே 40 லட்சம் பெண்களுக்கு இந்த பிபிஎச் வருது, 70,000 பேர் கிட்ட செத்துப் போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லுச்சு. அதுல பெரும்பாலானவங்க காப்பாத்தக் கூடியவங்க, அதை நினைச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

சரி டிரேப் வாங்கிட்டா போதுமா? இங்கதான் நல்லா கவனிக்கணும், போதாது. ஐரோப்பாவுல 13 நாட்டுல இந்த மாதிரி பையை வச்சு ஒரு பெரிய ட்ரயல் பண்ணாங்க, 2010ல ரிசல்ட் வந்துச்சு, பை போட்ட ஹாஸ்பிட்டலுக்கும் போடாத ஹாஸ்பிட்டலுக்கும் பெருசா வித்தியாசமே வரல. அளந்தாங்க, ஆனா அளந்த உடனே என்ன செய்யணும்ங்கிறது அதோட சேர்ந்து வரல. அப்புறம் பர்மிங்காம் யுனிவர்சிட்டி அரி குமாரசாமி தலைமையில இ-மோட்டிவ்னு ஒரு ட்ரயல், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல 80 ஹாஸ்பிட்டல், ரெண்டு லட்சத்துக்கும் மேல நார்மல் டெலிவரி, 2023 மே மாசம் வெளியாச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா ரெண்டு பக்கத்துக்குமே டிரேப் குடுத்திருக்காங்க, ஒரு பக்கத்துக்கு கோடு போட்டது, இன்னொரு பக்கத்துக்கு கோடு இல்லாதது. கோடு போட்ட பக்கத்துல கோட்டைத் தொட்ட உடனே செய்ய வேண்டியதை ஒரே மூச்சுல செய்யச் சொல்லிக் குடுத்திருக்காங்க: யூட்ரஸ் (கர்ப்பப்பை) மசாஜ், அதைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின், ரத்தக் கட்டி கரையாம தடுக்குற ட்ரானெக்சாமிக் ஆசிட், நரம்பு வழியா ஏத்துற ஐவி ஃப்ளூயிட், உள்ள கிழிஞ்சிருக்கா நஞ்சுக்கொடி துண்டு மிச்சம் இருக்கான்னு எக்ஸாமின் பண்றது, நிக்கலன்னா பெரிய டாக்டரைக் கூப்பிடுறது. ஒண்ணு குடுத்து நிக்குதான்னு பாத்து அப்புறம் அடுத்தது குடுக்குற பழைய முறை இல்ல, எல்லாம் சேர்த்தே, இதைத்தான் பண்டில்னு சொல்றது. ரிசல்ட், கடுமையான ரத்தப்போக்கு, அதுக்காக வயித்தைத் திறக்குற ஆப்பரேஷன், இல்ல அதனால சாவு, மூணுல ஏதாவது ஒண்ணு நடந்தவங்க கோடு இல்லாத வழக்கமான பக்கம் 4.3 சதவீதம், கோடு போட்ட பக்கம் 1.6 சதவீதம். பிபிஎச் வந்ததையே வழக்கமான பக்கம் பாதிப் பேருக்குத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க, கோடு போட்ட பக்கம் 93 சதவீதம். அந்த வருஷக் கடைசியிலயே உலக சுகாதார நிறுவனமும் நார்மல் டெலிவரிக்கு டிரேப் போட்டு அளந்து பாருங்கன்னு சொல்லிடுச்சு.

இப்போ வார்டுல நடக்குறதைச் சொல்றேன். ஒரு நைட் டியூட்டி, ரெண்டாவது குழந்தை, சுகப்பிரசவம், பிளாசென்டா (நஞ்சுக்கொடி) முழுசா வந்துடுச்சு, எபி (பிறப்பு வழியில போடுற வெட்டு) கூட போடல. முதல் கால் மணி நேரத்துல பையில 200 கிட்ட. அடுத்த கால் மணி நேரத்துல மஞ்சக் கோட்டைத் தாண்டி 320, பல்ஸ் 112, பிபி மட்டும் நார்மல், வயித்துல கை வச்சா யூட்ரஸ் மெத்து மெத்துன்னு இருக்கு. சொட்டு சொட்டாதான் வருது, பாக்க பயமா ஒண்ணும் இல்ல, டிரேப் இல்லாம இருந்தா யாரும் அசைஞ்சிருக்க மாட்டாங்க. முன்னாடியெல்லாம் டாக்டருக்கு போன் போட்டு "கொஞ்சம் ஜாஸ்தியா போற மாதிரி இருக்கு மேடம்"னு இழுப்போம், "ஜாஸ்தின்னா எவ்ளோ சிஸ்டர்?"னு கேட்டா பதில் இருக்காது. இப்போ கூட இருந்த சிஸ்டர் "மேடம், 320 இருக்கு, பல்ஸ் 112, யூட்ரஸ் சாஃப்ட்டா இருக்கு, பண்டில் ஆரம்பிச்சிட்டோம்"னு சொன்னா, அந்தப் பக்கம் "வரேன்"னு ஒரே வார்த்தை. மேடம் வர்றதுக்குள்ள நான் மசாஜ் பண்ணிக்கிட்டு இருக்கேன், ஆயாம்மா ட்ராலியை தள்ளிட்டு வந்துட்டாங்க, ஆக்சிடோசின் ட்ரிப் ஓடுது, ட்ரானெக்சாமிக் ஒரு கிராம் பத்து நிமிஷத்துல மெதுவா போயிட்டிருக்கு, யூரின் பையும் போட்டாச்சு. யூட்ரஸ் நல்லா இறுகிடுச்சு, ஆனா சொட்டுறது நிக்கல. மேடம் வந்து நல்லா லைட் அடிச்சுப் பாத்தா செர்விக்ஸ்ல (கர்ப்பப்பை வாயில) ஒரு பக்கம் கிழிசல், தையல் போட்டதும் நின்னுடுச்சு. கடைசியில பையில 600க்கு கொஞ்சம் மேல. ரத்தம் ஏத்தல, ரெஃபர் பண்ணல, காலையில அந்தப் பொண்ணு உக்காந்து பால் குடுத்துக்கிட்டு இருந்தா.

500 வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கிறது இப்போ எல்லாருக்கும் தெரியணும். 300 தாண்டி, கூடவே பல்ஸ் 100க்கு மேல இல்ல பிபி இறங்குதுன்னா அப்பவே ஆரம்பிக்கணும், 2025ல வந்த உலக சுகாதார நிறுவன கைட்லைன்லயும் அதான் இருக்கு. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பை, பல்ஸ், பிபி, யூட்ரஸ் நாலையும் பாத்து எழுதணும். அதை எழுத ஆள் இல்லாத வார்டுல டிரேப் வெறும் பிளாஸ்டிக்தான், ஒரு சிஸ்டர் மூணு டேபிளைப் பாத்துக்கிட்டு இருந்தா இது எதுவும் நடக்காது, மேனேஜ்மென்ட் இதையும் கேட்டுக்கணும்.

ட்ரானெக்சாமிக் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நிறைய இடத்துல இதை இன்னும் கடைசி மருந்தா வச்சிருக்காங்க. ஜப்பான்ல உடாகோ ஒகமோட்டோங்கிற அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்து கண்டுபிடிச்சு 1962ல வெளியிட்டது, பிரசவத்துல செத்துப் போற பெண்களைக் காப்பாத்தணும்ங்கிறதுதான் அந்தம்மாவோட ஆசையே. 21 நாட்டுல 20,000 பெண்கள் கிட்ட வச்சு பண்ண உமன் ட்ரயல் ரிசல்ட் 2017ல தான் வந்துச்சு, மூணு மணி நேரத்துக்குள்ள குடுத்தா ரத்தப்போக்கால சாவு மூணுல ஒரு பங்கு கிட்ட குறையுதுன்னு. அதுக்கு முந்தின வருஷமே அந்தம்மா இறந்துட்டாங்க. ஒவ்வொரு 15 நிமிஷ தாமதத்துக்கும் பலன் பத்து சதவீதம் கிட்ட குறைஞ்சுக்கிட்டே போகும், அதனால பை கோட்டைத் தொட்டதும் ஊசி கையில இருக்கணும், பார்மசிக்கு ஆள் அனுப்புற வேலையே இருக்கக் கூடாது. நாங்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல மருந்து, வென்ஃப்ளான் (நரம்புல போடுற ஊசிக் குழாய்), ஆர்எல் (ட்ரிப் ஏத்துற திரவம்), யூரின் கத்தீட்டர் (யூரின் எடுக்குற குழாய்) எல்லாம் போட்டு சீல் வச்சிருக்கோம். ஆக்சிடோசின் மட்டும் ஃப்ரிட்ஜ்ல, டப்பா மேலயே அதை எழுதி ஒட்டியாச்சு, ஏன்னா வெளிய வெயில்ல கிடந்த ஆக்சிடோசினை நம்பி உக்கார முடியாது.

இனி குறைகள். முதல் பிரச்சனை பனிக்குடத் தண்ணி. டிரேப்பை டெலிவரிக்கு முன்னாடியே விரிச்சுட்டா தண்ணி, யூரின் எல்லாம் சேர்ந்து 400 காட்டும், அப்புறம் யாருக்கும் அந்த நம்பர் மேல நம்பிக்கை போயிடும். குழந்தை வந்து தண்ணி வடிஞ்ச உடனே விரிக்கணும், இல்ல முன்னாடியே விரிச்சிருந்தா அந்த நேரத்துல பையை காலி பண்ணிடணும். யூரினுக்கு முன்னாடியே கத்தீட்டர் போட்டு எடுத்துட்டா நல்லது. ரெண்டாவது, தையல் போடும்போது உக்கார்ற ஸ்டூல் பையில இடிக்கும், மடங்குனா அளவு தப்பா தெரியும், பையை கையால நேரா இழுத்து விட்டு கண்ணை கோட்டுக்கு நேரா கொண்டு போய்தான் பாக்கணும். மூணாவது அம்மாவோட கஷ்டம், மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல ஒரு மணி நேரம் முதுகுக்கு அடியில பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு கிடக்குறது சின்ன விஷயம் இல்ல, மேல ஒரு காட்டன் துணியை மடிச்சு முதுகுப் பக்கம் மட்டும் வச்சா பரவால்ல, ரத்தம் வடியுற வழியில துணி வந்துடக் கூடாது, துணி குடிச்சுடும். இன்னொண்ணு, பையில ரத்தத்தைப் பாத்து அந்தப் பொண்ணும் கூட இருக்குற அவங்க அம்மாவும் மிரண்டு போயிடுவாங்க, "இது அளக்குறதுக்குத்தான்மா, எல்லாருக்கும் போடுவோம்"னு முன்னாடியே சொல்லிடுங்க.

சிசேரியனுக்கு இது உதவாது, அங்க சக்‌ஷன் ஜார் அளவையும் மாப் எடையையும்தான் கூட்டணும்.

குவாலிட்டி கம்பெனிக்கு கம்பெனி ரொம்ப மாறுது. முதல்ல வந்த ஒரு லாட்ல பிளாஸ்டிக் ரொம்ப மெல்லிசு, நாடா கட்டும்போதே பிஞ்சுச்சு, அளவும் சரியில்ல, 500 எம்எல் சலைனை அளந்து ஊத்துனா சிவப்புக் கோட்டுக்கு நல்லா கீழயே நின்னுச்சு. நிஜமா 500 போனாலும் இன்னும் 500 ஆகலன்னு சொல்ற டிரேப், இது இல்லாததை விட மோசம், மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டோம். இப்போ வர்றது தடிமனா இருக்கு, எழுத்து ஈரத்துல அழியல, கோடு ரெண்டும் நைட் லைட்டுல தூரத்துல இருந்தே தெரியுது.

விலை பாக்ஸா வாங்குனா குறையும், அதைப் பத்தி மேனேஜ்மென்ட் கேட்டா, பிபிஎச்சை லேட்டா கண்டுபிடிச்ச ஒரு அம்மாவுக்கு ஏத்துற ரத்தம், ஐசியூ, ராத்திரி ஆம்புலன்ஸ், அந்தக் குடும்பம் படுற பாடு எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுங்க. வீட்டு ஆளுங்களா இருந்தா செக்கப்புக்கு போகும்போதே டாக்டரம்மா கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க, டெலிவரி ஆனதும் ரத்தத்தை அளப்பீங்களா, முதல் ஒரு மணி நேரம் பக்கத்துல யார் இருப்பாங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வாங்கப் போற சிஸ்டர்ஸ் முதல்ல சாம்பிள் ரெண்டு மூணு கேட்டு வாங்கி டேபிள்ல தொங்க விட்டு 300 எம்எல் ஊத்திப் பாருங்க, அப்புறம் 500, ரெண்டு கோட்டுலயும் சரியா நின்னா மட்டும் ஆர்டர் குடுங்க, ஒவ்வொரு புது லாட் வரும்போதும் ஒண்ணைப் பிரிச்சு இதே மாதிரி ஊத்திப் பாத்துட்டு ரிஜிஸ்டர்ல எழுதி வைங்க.