லூமி: சிக்னல் இல்லாத ஊர் லேபுக்குச் சரி, ரேமும் ரோமும் மட்டும் ஜாக்கிரதை

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி அடிப்படையைப் படம், குரல், கேள்வி என்று கலந்து கொடுக்க லூமி என்ற மென்பொருள் நல்ல கருவி. இலவசம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கம் சிக்னலை நம்பிப் பாடம் எடுக்க முடியாது. பென்டிரைவில் கொண்டுபோய்த் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். எச்5பி என்ற வடிவில் (கேள்வியும் வீடியோவும் கலந்த பாடத்துக்கான வடிவம்) செய்த பாடத்தை லூமி ஒரே எச்டிஎம்எல் கோப்பாகவே எடுத்துக் கொடுத்துவிடும். மாணவர் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும். பாடம் தயாரிக்கிற கணினிக்குத்தான் முதலில் இணையம் வேண்டும், கேள்வி வகைகளை அப்போதுதான் இறக்கிக்கொள்ளும். யூடியூப் இணைப்பை உள்ளே வைத்தால் லேபில் கறுப்புத் திரைதான். வீடியோவைக் கோப்பாகவே சேர்க்க வேண்டும்.

அடுத்து அளவு. ஒரே கோப்பாக எடுக்கும்போது வீடியோவும் எழுத்தாக மாற்றித் திணிக்கப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு எடை கூடும். போனில் 1080பி-யில் எடுத்த 3 நிமிடம் 300 எம்பி தாண்டுவது சாதாரணம். அதை அப்படியே போட்டால் 4 ஜிபி ரேம் உள்ள கணினி திணறும். 720பி, நொடிக்கு 500 கிலோபிட் போதும், 3 நிமிடம் 11 எம்பி அளவில் அடங்கிவிடும். குரலை மோனோவில், 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது. அப்படியும் பெரிதாக இருந்தால் மீடியாவைத் தனித்தனிக் கோப்பாக வைக்கும் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) வகையும் இருக்கிறது. ஆனால் நகலெடுக்கும்போது முழு ஃபோல்டரையும் எடுக்க வேண்டும், எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துப் போனால் படம் வராது.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விதான் லூமியில் அதிகம் பயன்படுவது, அதிகம் காலை வாருவதும் அதுதான். விடையை இரண்டு நட்சத்திரக் குறிக்குள் எழுத வேண்டும். சாய்கோடு போட்டால் மாற்று விடை: *நினைவகம்/மெமரி* என்று எழுதினால் இரண்டும் சரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை வகுப்புகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. அதே சாய்கோட்டால் *ஐ/ஓ* (உள்ளீடு/வெளியீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதினால் 'ஐ' மட்டும் அடித்தவருக்கும் மார்க் கிடைக்கும். முக்காற்புள்ளிக்குப் பின் வருவதைக் குறிப்பு என்று எடுத்துக்கொள்வதால், *சி:* என்று டிரைவ் பெயரைக் கேட்டால் சரியாக 'சி:' என்று அடித்த பிள்ளைக்குத் தவறு விழும். இந்த மாதிரி விடைகளைச் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக்கிவிடுங்கள்.

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. நான்கிலிருந்து ஒன்பது குறி (எழுத்தும் அதன் துணை அடையாளமும் தனித்தனிக் குறி) வரையுள்ள விடையில் ஒரு பிழையை விட்டுக்கொடுக்கும். 'நினைவகம்' என்பதில் றன்னகரத்துக்குப் பதில் டண்ணகரம் போட்டாலும் சரி என்றாகும், நல்லதுதான். ஆனால் 'ரேம்' கணினிக்கு நான்கு குறி: ர, ஏகார அடையாளம், ம, புள்ளி. கரண்ட் போனாலும் அழியாத 'ரோம்' என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே குறி! கரண்ட் போனால் அழியும் மெமரி எது என்று கேட்டு, பிள்ளை 'ரோம்' என்று அடித்தாலும் பச்சை டிக் விழும். இந்தக் கேள்விக்குத் தனித் தொகுப்பு போட்டு அந்த வசதியை அணைத்து வையுங்கள். ஒரே தொகுப்புக்குள் சொல்லுக்குச் சொல் மாற்ற முடியாது.

இழுத்து வைக்கும் கேள்விக்குக் கிருஷ்ணகிரியில் உதாரணம் கைவசமே இருக்கிறது: மாம்பழம் உள்ளீடு, கூழ் ஆலை செயலாக்கம், டின் வெளியீடு. பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஒரு கோணல் மட்டும் உண்டு. கூழானால் பழம் இருக்காது, கோப்பை அச்சடித்தாலோ நகலெடுத்தாலோ மூலக்கோப்பு அப்படியே இருக்கும். இதை அடுத்த ஸ்லைடிலேயே சொல்லாவிட்டால் 'பிரிண்ட் எடுத்தா ஃபைல் போயிடுமா சார்?' என்று கேள்வி வரும்.

பொத்தான் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும். ஒரு தடவை உட்கார்ந்து தமிழில் அடித்து, அந்தக் கோப்பை மாதிரியாக வைத்து நகலெடுத்து வேலை செய்தால் மறுபடி தொட வேண்டாம். வீடியோவின் நடுவே கேள்வி வைத்தால், வீடியோ நிற்பதற்கான டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் பிள்ளை படித்து முடிப்பதற்குள் கேள்வி ஓடிவிடும்.

டைப்பிங், ஃபோல்டர் உருவாக்குவது போன்ற கைப்பழக்கத்துக்கு இது உதவாது, அதற்கு நிஜ டெஸ்க்டாப்தான். சாதாரண எச்டிஎம்எல் ஏற்றுமதியில் மதிப்பெண்ணும் தங்காது. பக்கத்தை மூடும் முன் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.