சொதப்பிய இன்ஜின் வேலை: அதே பட்டறையா, புது பட்டறையா, புதுப்பேட்டை இன்ஜினா?

பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றிய டர்போ வண்டி, இன்ஜின் வேலை முடிந்து வந்த கொஞ்ச நாளிலேயே நீலப் புகை விடுகிறது. சூடானதும் ஆயில் பிரஷர் விழுகிறது. வேலூரில் இப்படி மாட்டிக்கொண்டவருக்கு மூன்று வழிகள்தான். கணக்குக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம்: 1.8 டர்போ, 1781 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 81 மி.மீ.

எந்த வழியில் போவதென்று முடிவு செய்யும் முன், எது கெட்டது என்று தெரிய வேண்டும். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் விடை கிடைக்காது. ஆயில் பிரஷரை டேஷ்போர்டு விளக்கை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். சூடான இன்ஜினில் 2000 ஆர்பிஎம்மில் 2 பாருக்குக் கீழே என்றால் வண்டியை ஓட்டவே கூடாது. பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை உருவி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: ரிங், போர், கிராங்க் பக்கம் தேட வேண்டும். ஒட்டாத வெள்ளித் துகள் என்றால் பிஸ்டனோ பேரிங்கின் மேல் பூச்சோ தேய்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் அடி அடுக்கு வரை போய்விட்டது.

அதே பட்டறையில் திரும்பப் பிரிப்பது. கூலி மிச்சம். கோளாறு பொருத்தியதில் மட்டும் என்றால் இதுவே போதும். உதாரணமாக, ஆயில் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) சிலிக்கானை அள்ளிப் பூசினால், உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் பிக்அப் குழாயின் ஸ்ட்ரைனர் வலையை அடைக்கும், பிரஷர் விழும். இரண்டாவது ரிங்கில் 'டாப்' என்ற குறி கீழே பார்த்தால், ரிங் ஆயிலை வழித்து இறக்காமல் மேலே ஏற்றும். ஹெட் போல்ட் ஒருமுறை இழுபட்டால் முடிந்தது. பழையதையே முறுக்கினால் கேஸ்கெட் கசியும். பேரிங் இன்னும் போகாத நிலையில் இவற்றைப் புது ரிங், கேஸ்கெட், போல்ட்டோடு சரிசெய்யலாம். ஆனால் போர் அளவு, ரிங் கேப் (ரிங் முனைகளுக்கு இடையே விடும் இடைவெளி), பேரிங் இடைவெளி எழுதிய தாளைக் கேட்டால் காட்டத் தெரியாமல் "ஓடினா செட் ஆயிடும் சார்" என்று சொல்கிற இடத்தில் வண்டியை இன்னொரு நாள்கூட விடாதீர்கள்.

வேறு இடத்தில் அளந்து கட்டுவது. பூஸ்டை நிறைய ஏற்றிய வண்டிக்கு, செலவு கூடினாலும் என் ஓட்டு இதற்கே. ஒவ்வொரு சிலிண்டரையும் போர் கேஜால் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து 24 அளவு. கோணல் 0.05 மி.மீ. தாண்டினால் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதாது, ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர்தான். லாரி, டிராக்டர் இன்ஜின் பழகிய உள்ளூர் லேத் பட்டறைகளால் போரிங்கைச் சுத்தமாகவே செய்ய முடியும். பெரும்பாலும் இல்லாதது டார்க் பிளேட், அதாவது ஹோன் செய்யும்போது ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கும் தடித்த தகடு. ஹெட்டை முறுக்கும்போது போர் கொஞ்சம் வளையும். அந்த வளைவோடு ஹோன் செய்தால்தான் வண்டி ஓடும்போது வட்டமாக இருக்கும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சிஎன்சி வைத்திருக்கும் பட்டறையில், 50 மி.மீ. எஃகுத் தகட்டில் ஹெட் கேஸ்கெட் அளவுக்கு இந்த பிளேட்டை வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ரிங் கேப். சாதா இன்ஜினுக்குப் போர் அளவில் 0.4 சதவீதம், அதாவது 81 மி.மீ.க்கு 0.32 மி.மீ. பூஸ்டுக்கு 0.40 மி.மீ.யாவது வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் கூடவே வரும் அட்டையில் உள்ள அளவுதான் இறுதி. கேப் குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி, பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள விளிம்பு) உடையும். கழுவும்போது ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் பிரஷ் விட்டு, வெள்ளைத் துணியில் கறை வராத வரை கழுவ வேண்டும். ஹோனிங் தூள் அங்கே தங்கினால் புது பேரிங்கும் காலி.

சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய இன்ஜின். வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் சென்னை. வேலை சில நாளில் முடிந்துவிடும். கம்பெனி பூஸ்டிலேயே ஓட்டப் போகிறவருக்கு, கிராங்க் கீறிய நிலையில் இது நியாயமான வழி. வால்வ் கவரைத் திறந்து கரி படிந்திருக்கிறதா பாருங்கள், கிராங்கைக் கையால் சுற்றுங்கள், சம்ப்பை இறக்கி ஒரு பேரிங் மூடியையாவது கழற்றிப் பாருங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள், பிக்அப் எல்லாம் புதிதாகவே போடுங்கள். பலர் கோட்டை விடுவது பழைய ஆயில் கூலரில். பழைய இன்ஜின் உதிர்த்த உலோகத் தூள் அதற்குள் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அதையே மாட்டினால் வாங்கி வந்த இன்ஜினும் அதே வியாதியில் விழும். கூலரை மாற்றுங்கள், டர்போவின் ஆயில் லைனையும் மாற்றுங்கள், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். இன்ஜின் நம்பர் மாறுவதால் ரசீதோடு ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி-யையும் திருத்திவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கம்பெனியில் புது ஷார்ட் பிளாக் (ஹெட் இல்லாமல் பிஸ்டன், கிராங்க் பொருத்திய இன்ஜின் அடிப்பகுதி) கிடைத்தால் நல்லதுதான். இந்த வயது வண்டிக்கு விலை கட்டுப்படியாவது அரிது.

மூன்றில் எதில் போனாலும், பழைய டியூனிங் மேப்போடு (பூஸ்டை ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரில் மாற்றிய புரோகிராம்) ஸ்டார்ட் செய்யாதீர்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் ஊரில் இன்டர்கூலர் சூடேறி நாக் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வரும். ரிங் லேண்ட் உடைந்திருந்தால், அதை முதலில் உடைத்தது அந்த மேப்பாகவே இருக்கலாம். பூஸ்டைக் கம்பெனி அளவுக்கு இறக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பைத் துண்டித்து, கேஜில் பிரஷர் ஏறும் வரை செல்ஃப் அடித்த பிறகே முதல் ஸ்டார்ட். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்ப்பதெல்லாம் முதல் ஆயில் மாற்றிய பிறகுதான்.