உறைமண் குட்டைக்கரையில் ஒரு காகித நுண்ணோக்கி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் கூஜ்ஜுவாரபிக் என்ற ஊர் இருக்கிறது. சாலை வழி கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு கிலோ சுமைக்கும் கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் நிரந்தர உறைமண் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம்) உருகி உண்டான குட்டைகளில் பாசி மாதிரி எடுக்கும் குழுவுக்கு உதவியாளராகப் போகிறேன். குட்டைக்கரையிலேயே தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்கியதுதான் ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு உருவாக்கி, 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட கருவி இது. நீர் புகாத தாளை மடித்து நாமே கோத்துக்கொள்ள வேண்டும். எடை ஏறத்தாழ 9 கிராம். சின்னஞ்சிறு உருண்டை வில்லை 140 மடங்கு பெரிதாக்குகிறது. காந்த வளையத்தால் கைப்பேசியில் ஒட்டிப் படமும் எடுக்கலாம்.

ஆய்வகத்தில் இதைவிட நல்ல நுண்ணோக்கிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேரும் பாசி பெரும்பாலும், மாதிரி கெடாமலிருக்கச் சேர்க்கும் லூகால் அயோடின் கரைசலில் இறந்துபோன பாசி. டைனோபிரையான் என்ற பொன்னிறப் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வாயில் இன்னொன்றாகச் செருகிய கண்ணாடிக் குவளைகள் கிளை விட்டதைப் போன்ற கூட்டம் அது. கரைசல் பட்டால் அந்தக் கூட்டம் பல நேரம் உதிர்ந்துவிடும். கரையில், எடுத்த சொட்டிலேயே பார்த்தால் முழுக் கூட்டமும் சுழன்றபடி நீந்திப் போகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே கருவியை வாங்கலாம் என்பேன்.

அந்தத் தண்ணீரில் வாழ்வது எளிதல்ல. உறைந்து கிடந்த பீட் மண் (பாதி மக்கிய தாவரங்களாலான மண்) இளகிக் கரைய, குட்டை அடர்பழுப்பாகிறது. சூரிய ஒளி மேல்மட்டத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் நிற்பதால், ஆழம் குறைந்த குட்டையில்கூட அடியில் ஆக்சிஜன் இருப்பதில்லை. இந்த இருட்டில் டைனோபிரையான் ஒளியை மட்டும் நம்பியிருப்பதில்லை. பாக்டீரியாவையும் விழுங்குகிறது. இதைத் தெற்கு கியூபெக்கின் மெம்ஃப்ரிமேகாக் ஏரியில் ஆய்வாளர்கள் டேவிட் பேர்டும் ஜேக்கப் கால்ஃபும் 1986இலேயே காட்டினார்கள். கிரிப்டோமோனாஸ் போன்ற நீந்தும் பாசிகளும், பாசி படிந்த பீட் விளிம்பைப் பிழிந்தால் பின்னுலேரியா என்ற டயட்டங்களும் (சிலிக்கா ஓடு கொண்ட பாசிகள்) தெளிவாகத் தெரிகின்றன.

வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இக்கருவி பிரித்துக்காட்டும் எல்லை ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உறைமண் குட்டைகளில் அதைவிடச் சிறிய பிக்கோ சயனோபாக்டீரியாக்கள், அதாவது பாசியைப் போல ஒளியால் வாழும் மிகச் சிறு பாக்டீரியாக்கள், கணிசமாக உண்டு. அவை இதில் சிக்காது. ஆகவே ஃபோல்டுஸ்கோப்பில் பார்த்த பட்டியலை அந்தக் குட்டையின் பாசிச் சமூகம் என்று எழுதிவிடக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் வாழும் பசுங்கந்தக பாக்டீரியாவுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு நிறமிப் பகுப்பாய்வும் மரபணு வரிசையும்தான் வேண்டும். பெரிய உயிர்களை உயிரோடு காட்டுவதே இதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது.

குளிரில் விரல் விறைத்திருந்தால் தாளை மயிரிழை அளவு நகர்த்திக் குவியம் பிடிப்பது கடினம். கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். மேகம் மூடிய வானத்தை நோக்கிப் பிடித்தால் ஒளி சீராக வரும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. சொட்டு சிறியதாக இருக்கட்டும், பெரிய சொட்டில் நீந்தும் பாசி குவியத்தைவிட்டு ஓடிவிடும். குட்டையின் எண்ணை ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் நிற்காது. பார்த்து முடித்த பிறகு மாதிரி எடுத்த குப்பியில் லூகால் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.