போர்க்கால வாயு முகமூடி வாங்குகிறீர்களா? ‘பாதுகாப்புச் சான்று’ என்று நீட்டும் தாளை நம்பிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் பழம்பொருள் சந்தைகளைச் சுற்றி வரும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 45 பவுண்டு போனதைக்கூட மறந்துவிடுவேன். விற்றவர் சொன்னார் என்று அந்தச் சனியனை முகத்தில் மாட்டிக்கொண்டு ஆழ மூச்சிழுத்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

மகளுக்கு இந்தப் பருவத்தில் இரண்டாம் உலகப் போர்தான் பாடம். வகுப்பில் காட்ட அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது கொண்டு போக வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கடையில் கறுப்பு ரப்பர் முகமூடி, மூக்குக்கு நேரே தகர டப்பா, தோளில் மாட்டக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. பொதுமக்களுக்கு அரசே இலவசமாகக் கொடுத்த வகை. 1939 இல் போர் தொடங்கும் முன்பே சுமார் 3.8 கோடி முகமூடிகள் கொடுத்து முடித்திருந்தார்கள். எதிரி கடைசிவரை பிரிட்டன் மீது நச்சுவாயு வீசவே இல்லை.

அந்த டப்பாதான் மூச்சுக்காற்றை வடிகட்டுவது. அதற்குள் கல்நார், அதாவது மூச்சில் போனால் புற்றுநோய்வரை கொண்டுவிடும் ஆஸ்பெஸ்டாஸ் இழை, இருக்குமே என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. அந்தக் கேள்விக்கே காத்திருந்தவர்போல ஒரு தாளை எடுத்து நீட்டினார்: ‘வடிகட்டி திறந்து காலி செய்யப்பட்டது, பாதுகாப்பானது.’ கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஆய்வகத்தின் பெயர் இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. அங்கேயே விழித்திருக்க வேண்டும். அவரோ முகமூடியை மாட்டிவிட்டு, டப்பாவின் அடியில் ஓர் அட்டையை வைத்து அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். ரப்பர் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘அன்றைக்கு வார்டன்கள் (விமானத் தாக்குதல் காவலர்கள்) முகமூடி முகத்தோடு பொருந்துகிறதா என்று இப்படித்தான் சோதித்தார்கள்’ என்றார். அது உண்மைதான். பிறகு அட்டையை எடுத்துவிட்டு, ‘இப்போது நன்றாக இழுங்கள்’ என்றார். இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் விரலெல்லாம் கறுப்பு. செருப்புக்குப் போடும் பாலிஷ் வாசனை. காய்ந்து வெடித்த ரப்பரைப் புதிதாகக் காட்டப் பூசியிருக்கிறார். சந்தேகம் வந்து டப்பாவை வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்புப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. ரப்பரையும் டப்பாவையும் பிடித்திருக்கும் அகலமான பட்டை இறுகித் தகரத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது. கழற்றினால் கிழிந்தே வரும். அடியில், 1940 இல் கூடுதலாக ஒட்டிக் கொடுத்த பச்சை வடிகட்டியும் அதன் பழைய நாடாவும் அப்படியே இருந்தன. இதையெல்லாம் தொடாமல் எந்த வழியாக உள்ளே போய்க் காலி செய்தாராம்? பெட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் வேறு. மகள் அதை விரலால் தொட்டுப் பார்க்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் அழுதே விட்டாள்.

பெட்டியோடு அப்படியே தடித்த பாலித்தீன் பையில் போட்டு ஒட்டி, அதை இன்னொரு பையில் போட்டேன். அலமாரியை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பைக்குள் சேர்த்தேன். பெருக்கவோ, வீட்டு வேக்கும் கிளீனரைப் போடவோ கூடாது. இழையைக் காற்றில் பரப்பத்தான் அவை உதவும். சோதனைக்கூடத்தார் வந்து எடுத்துப் போனார்கள். முடிவு: வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். சோதனைக்கான செலவு முகமூடியின் விலையைத் தாண்டியது.

மருத்துவரிடம் போனேன். ஒரு முறை, சில நொடிகள் என்பதால் ஆபத்து மிகக் குறைவு என்றார். இருந்தாலும் என் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். ஆஸ்பெஸ்டாஸ் தரும் நோய்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெள்ளையைவிடக் கொடிய நீல ஆஸ்பெஸ்டாஸ் ராணுவ முகமூடிகளில் இருந்தது. நாட்டிங்ஹாமில் அவற்றைச் செய்த தொழிலாளர்களில் பலரை மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் பின்னாளில் கொண்டுபோனது. பழைய முகமூடிகளைப் பிள்ளைகள் அணியக் கூடாது என்று 2014 இலேயே பிரிட்டிஷ் அரசு பள்ளிகளை எச்சரித்திருக்கிறது. மகளின் ஆசிரியைக்கு இது தெரிந்திருந்தது. எடுத்துப் போயிருந்தாலும் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ‘அலங்காரப் பொருளாகத்தானே விற்றேன், யார் அணியச் சொன்னது?’ என்றார். ரசீதைப் பார்த்தேன். ‘அலங்காரப் பொருள், உள்ளபடியே விற்கப்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வரும் என்ற நம்பிக்கை இல்லை.

வீட்டில் இப்படி ஒன்றை ஏற்கெனவே காட்சிக்கு வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். மாட்டாதீர்கள், குலுக்காதீர்கள், டப்பாவைத் திறக்காதீர்கள். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், வெயிலும் சூடும் படாத இடத்தில் இருக்கட்டும். ரப்பருக்கும் அதுவே நல்லது. வடிகட்டியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் குப்பைத்தொட்டியில் போடாமல் உங்கள் கவுன்சிலைக் கேளுங்கள்.

அதே கடையில் அன்று சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்பு ‘மிக்கி மவுஸ்’ முகமூடிகள் மூன்று தொங்கின, ஒவ்வொன்றிலும் அதே தாள் குத்தப்பட்டு. அடுத்த வாரம் போனபோது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.